திரும்ப முயற்சிக்கப்படாது

2022 மார்ச் மாதம். நாங்கள் நாலு பேர், நாலு லப்டொப், ஒரே ஒரு செயற்றிட்டம். நாலு லப்டொப்பிலும் ஒரே கோட்தான் இருந்தது. ஆனால் நாலிலும் வந்த சிவப்பு எழுத்து வேறு வேறு.

பல்கலைக்கழகத்தில் குழுவாகச் செய்து கொடுக்கவேண்டிய வேலை அது. ஒரு நூலகத்துக்கான சின்ன இணையச் செயலி. புத்தகம் இரவல் கொடுக்கவேண்டும், திரும்ப எடுக்கவேண்டும், பிந்தினால் தண்டப்பணம் கணக்குப் பார்க்கவேண்டும். ஜாவாவில் எழுதி, மேவனால் கட்டி, வோர் கோப்பாகத் தரச் சொல்லியிருந்தார்கள். எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். எழுதிய முதல் நூறு வரியை ஓடவைப்பதற்கே ஒன்பது நாள் போனது.

அந்த மாதத்தை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எந்தக் குறூப்புக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் குளிப்பதும் சமைப்பதும் படிப்பதும். கரண்ட் போனால் றவுட்டரும் போய்விடும். பிறகு போன் டேட்டாதான். அதுவும் அளந்து அளந்து.

மேவன் ப்ளகின் பிழைகளை எப்படித் தீர்ப்பது என்று இதில் சொல்லியிருக்கிறோம். இப்போது அதே சிவப்பு எழுத்துக்கு முன்னால் இருப்பவர்களுக்கு அது உதவும். அதோடு, எங்களுக்குள் நாங்கள் விட்ட ஒரு பிழையும் இதில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் மேவன் என்றால் என்ன என்று சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த நேரம் எங்களுக்கே அது விளங்கியிருக்கவில்லை. ஜாவாவில் எழுதியதைத் தொகுக்க, சோதிக்க, ஒரு பொதியாகக் கட்ட உதவும் கருவி அது. அப்பாச்சி அமைப்பினுடையது. இத்திஷ் மொழியில் அறிவைச் சேர்த்து வைப்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருளாம். ஆனால் மேவன் தானாக அதிகம் ஒன்றும் செய்யாது. கலியாண வீட்டில் ஒரு மாமா கையில் கொப்பியோடு நிற்பார் பாருங்கோ, அவர் மாதிரி. அவர் சமைக்கமாட்டார், பந்தல் போடமாட்டார். யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியும். வேலையைச் செய்கிறவர்கள்தான் ப்ளகின்கள். தொகுக்க ஒன்று, சோதிக்க ஒன்று, வோர் கோப்புக் கட்ட இன்னொன்று. மாமாவின் கையில் இருக்கிற கொப்பிதான் பொம் கோப்பு.

அந்த ப்ளகின்கள் எங்கள் லப்டொப்பில் முதலே இருப்பதில்லை. முதல்தடவை தேவைப்படும்போது மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து தரவிறக்கி, எங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘டொட் எம்2’ என்ற இடத்தில் சேர்த்து வைக்கும். அடுத்த தடவை அங்கேயிருந்தே எடுக்கும். ஒரு புதுச் செயற்றிட்டத்தை முதல்தடவை கட்டும்போது இணையம் கட்டாயம் வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் இல்லாமல் இருந்ததும் அதுதான்.

பிழை வந்ததும் நாங்கள் செய்தது என்ன? எல்லாரும் செய்வதைத்தான். சிவப்பைக் கண்டதும் போனால் ஒரு படம் எடுத்து வட்சப் குறூப்பில் போட்டோம். திரையின் கடைசிப் பகுதிதான் படத்தில் விழும். அந்தக் கடைசிப் பகுதியில் மேவன் எந்தப் பிழைக்கும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்லும்: முழு விபரம் வேண்டுமென்றால் இன்ன எழுத்தைப் போட்டுத் திரும்ப ஓட்டுங்கள், மேலதிக உதவிக்கு இந்த முகவரிக்குப் போங்கள். அதை வைத்துக்கொண்டு ஒருத்தராலும் ஒன்றும் சொல்ல ஏலாது. ஆனாலும் சீனியர் அண்ணா ஒருவர் பதில் போட்டார்.

“எல்லாத்தையும் அன்இன்ஸ்டோல் பண்ணிப்போட்டு புதுசாப் போடு தம்பி. எனக்கும் உப்பிடித்தான் வந்தது.”

போட்டோம். எக்ளிப்ஸை அழித்துத் திரும்பப் போட்டோம். ‘டொட் எம்2’ முழுவதையும் அழித்தோம். அதற்குள் இருந்த அத்தனையையும் திரும்பத் தரவிறக்க வேண்டும் என்பது அழித்த பிறகுதான் விளங்கியது. மூன்று நாளில் நாலு பேருடைய டேட்டாவும் முடிந்தது.

எங்களில் ஒருவன் இணையத்தில் கிடைத்த ஒரு பழைய பதிலைப் பார்த்து, பொம் கோப்புக்குள் புதிதாக ஒரு களஞ்சிய முகவரியைச் சேர்த்தான். எச்ரிரிபி என்று தொடங்கும், எஸ் இல்லாத முகவரி. மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 இலிருந்து அப்படியான பாதுகாப்பில்லாத இணைப்பை ஏற்பதில்லை. மேவனும் 3.8.1 பதிப்பிலிருந்து அப்படியான வெளி முகவரிகளைத் தானாகவே தடுத்துவிடும். அவனுக்கு முதல் இருந்த பிழையோடு இரண்டாவதும் சேர்ந்தது.

நாலாவது நாள், எங்களில் ஒருத்தி குறூப்பில் ஒரு செய்தி போட்டாள்.

“நான் டொக்கியுமென்ட் செய்யிறன். கோடிங்கை நீங்கள் மூண்டு பேரும் பாருங்கோ. எனக்கு உது சரிவராது.”

அவளுடையது பாவித்த லப்டொப். பற்றறி செத்துப்போனது, வயரைக் கழற்றினால் திரை இருண்டுவிடும். பல்கலைக்கழகம் வரும்வரை அவளிடம் கணினியே இருந்ததில்லை. ஆனால் அந்த இரவல் கணக்கை யோசித்து, எந்த அட்டவணையில் எது இருக்கவேண்டும் என்று கீறிக் காட்டியது அவள்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

ஆனாலும் நாங்கள் என்ன சொன்னோம்? “ஓம், அதுவும் முக்கியம்தான், நீர் அதைப் பாரும்” என்று ஒருவர் போட, மற்ற இரண்டு பேரும் ஒரு கைவிரலைப் போட்டுவிட்டு இருந்துவிட்டோம். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு லப்டொப் குறைந்தால் ஒரு பிழை குறையும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. எங்கள் மூன்று பேருடைய லப்டொப்பும்தான் ஓடவில்லை. ஆனால் நாங்கள் ஒருவரும் எங்களுக்கு இது சரிவராது என்று யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்களில் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருந்தோம். பின்னேரம் கரண்ட் இல்லை. காஸ் இல்லாததால் அம்மா விறகடுப்பில் பிளேன்ரீ ஊற்றித் தந்தா. மூன்று பேருடைய லப்டொப்பில் பற்றறி இருந்தது. நாங்கள் அதையும் இதையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய லப்டொப் மூடிக் கிடந்தது. அவள் ஒரு சீ.ஆர். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கரண்ட் போகப்போகிறது என்று தெரிந்து, தன்னுடைய திரையில் இருந்த பிழையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கையால் பார்த்து எழுதியிருக்கிறாள். டொக்கியுமென்ட்டில் “எதிர்கொண்ட பிரச்சினைகள்” என்று ஒரு பகுதி இருக்கிறதாம், அதற்காக. இப்போது ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், நீளமான ஒரு வசனத்தை நிதானமாக விளங்க வேண்டுமென்றால் அதைத் தமிழாக்கித்தான் ஆகவேண்டும். விரிவுரைக் குறிப்புக்கு அப்படிச் செய்வோம். பிழைச் செய்திக்கு அப்படிச் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

“இஞ்சை பாருங்கோ,” என்றாள். “உது ‘ப்ளகின் இல்லை’ எண்டு சொல்லேல்ல.”

கொப்பியில் இப்படி இருந்தது: மேவன் ரிசோர்சஸ் ப்ளகின் 2.6 ஐக் கொண்டுவருவது தோல்வியடைந்தது. அந்தத் தோல்வி உள்ளூர்க் களஞ்சியத்தில் பதிந்து வைக்கப்பட்டுள்ளது. புதுப்பிக்கும் கால இடைவெளி முடியும்வரை, அல்லது புதுப்பிக்கும்படி வற்புறுத்தும்வரை, திரும்ப முயற்சிக்கப்படாது.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

“அப்ப, கரண்ட் வந்தாப் பிறகு அது திரும்பத் தேடவே இல்லையோ?”

“இல்லை. தேடினதா நாங்கள்தான் நினைச்சுக்கொண்டு இருந்தம்.”

நடந்தது இதுதான். எக்ளிப்ஸ் ப்ளகினைத் தரவிறக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், றவுட்டர் நின்றிருக்கிறது. தரவிறக்கம் பாதியில் அறுந்தது. எக்ளிப்ஸ் அதை ஒரு தோல்வியாக எழுதி வைத்துவிட்டது. ‘டொட் எம்2’ க்குள் அந்த ப்ளகினின் கோப்புறையைத் திறந்து பார்த்தால், ‘லாஸ்ட் அப்டேற்றட்’ என்று முடியும் பெயரோடு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதுதான் அந்தப் பதிவு. பொதுவாக ஒரு நாள் போகும்வரை அந்தப் பதிவைப் பார்த்தே “கிடைக்காது” என்று சொல்லிவிடும். இணையம் நன்றாக ஓடினாலும் போய்ப் பார்க்காது. ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் களஞ்சியத்தைப் போய்த் தட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம்தான். ஆனால் நாங்கள் அடுத்த நாளும் கரண்ட் போகிற நேரத்தில் தரவிறக்கி, அடுத்த தோல்வியையும் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தீர்வு அந்த வசனத்துக்குள்ளேயே இருந்தது: வற்புறுத்தும்வரை. அன்றைக்கு ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் அவளே செய்தாள். செயற்றிட்டத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணி, மேவன், அதற்குள் அப்டேற் புரொஜெக்ட். வருகிற பெட்டியில் கீழே ‘ஃபோர்ஸ் அப்டேற்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதற்குச் சரி போடவேண்டும். நாங்கள் அதற்கு முதல் பத்துத் தடவையாவது அப்டேற் பண்ணியிருப்போம், அந்தச் சரி போடாமல். கட்டளைத் திரையில் என்றால் மேவன் கட்டளையின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் கப்பிற்றல் ‘யூ’வும். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு ப்ளகினின் கோப்புறையை மட்டும் அழித்தால் போதும். முழுக் களஞ்சியத்தையும் அழிக்கத் தேவையில்லை.

ஐந்து நிமிடத்தில் அவளுடைய சிவப்பு போய்விட்டது. நாலு லப்டொப்பில் முதலில் சரிவந்தது எது என்று பார்த்தால், ஒதுக்கி வைத்த அந்த லப்டொப்தான்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் மூன்று பேருடைய திரையையும் அதே மாதிரிக் கொப்பியில் எழுத வைத்தாள். ஓட்டக்கூடாது, மாற்றக்கூடாது, முதலில் எழுத வேண்டும். எதை எழுதுவது என்பதற்கும் ஒரு வழி பிடித்தோம். கீழேயிருந்து மேலே போய், ‘ஃபெயில்ட் டு எக்ஸிகியூட் கோல்’ என்று தொடங்கும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். தபால் உறையில் முகவரி இருப்பது மாதிரி அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கும்: எந்த ப்ளகின், அதன் எத்தனையாம் பதிப்பு, என்ன வேலை செய்யப்போய் விழுந்தது, எந்தச் செயற்றிட்டத்தில். அதற்குப் பின்னால் காரணம்.

இரண்டாவது லப்டொப்பில் ஜாவா 17. அதில் வந்தது: மூல மொழித் தெரிவு 5 இப்போது ஆதரிக்கப்படுவதில்லை, 7 அல்லது அதற்கு மேற்பட்டதைப் பாவிக்கவும். மூன்றாவதில் ஜாவா 8. அதில் வந்தது: லம்டா எழுத்துமுறை 1.5 இல் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்து வேறு வேறு மருந்து தேடிக்கொண்டிருந்தோம். இரண்டையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதியதும் இரண்டிலும் இருக்கிற ‘5’ கண்ணில் பட்டது. நாங்கள் ஒருவரும் ஜாவா 5 பாவிக்கவில்லையே. அது 2004 இல் வந்தது.

பழைய ஒரு பயிற்சியின் பொம் கோப்பைக் கொப்பி பண்ணித்தான் நாங்கள் தொடங்கியிருந்தோம். எந்த ஜாவாவுக்குத் தொகுப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை. சொல்லாவிட்டால், எங்களிடம் இருந்த பழைய கொம்பைலர் ப்ளகின் தானாக 1.5 என்று எடுத்துக்கொள்ளும். ஜாவா 17 அந்தப் பழைய மொழியை மறந்துவிட்டது, அதனால் மறுத்தது. ஜாவா 8 க்கு அது இன்னும் தெரியும், ஆனால் அந்தப் பழைய மொழியில் எங்கள் கோட்டில் இருந்த லம்டா இல்லை, அதனால் அதுவும் மறுத்தது. பொம் கோப்பின் பண்புகள் பகுதியில் கொம்பைலர் சோர்ஸ், கொம்பைலர் ராகெற் என்ற இரண்டுக்கும் 1.8 என்று போட்டோம். இரண்டு லப்டொப்பும் அந்த இடத்தைத் தாண்டின.

ஜாவா 17 லப்டொப் அடுத்த படியில் திரும்ப விழுந்தது. இந்தத் தடவை முகவரி வரியில் வோர் ப்ளகின் 2.2 என்று இருந்தது. காரணம்: புரொப்பர்டீஸ் வகுப்பின் உள் புலம் ஒன்றை அணுக முடியவில்லை. அந்தப் பழைய ப்ளகின் ஜாவாவின் உள்வீட்டுக்குள் கைவிட்டு ஒரு பொருளை எடுத்துப் பழகியது. ஜாவா 16, 17 இல் அந்தக் கதவுகளை இறுக்கிப் பூட்டிவிட்டார்கள். பொம் கோப்பில் வோர் ப்ளகினுக்கு 3.3.2 என்று பதிப்பு எழுதியதும் சரி.

2.2 என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லையே, அது எங்கேயிருந்து வந்தது? அதையும் தேடிப் பார்த்தோம். பொம் கோப்பில் ப்ளகினின் பதிப்பைச் சொல்லாவிட்டால், மேவனே தன்னுடைய பதிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் ஒரு எண்ணை எடுக்கும். எங்களிடம் இருந்த மேவனுக்குள் 2.2 என்று எழுதியிருந்தது. மேவன் பதிப்பு மாறினால் அந்த எண்ணும் மாறலாம். “எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடேல்ல” என்ற சண்டையில் பாதி இங்கேயிருந்துதான் வருகிறது. அன்றிலிருந்து பாவிக்கிற ஒவ்வொரு ப்ளகினுக்கும் பதிப்பை எழுதி வைக்கிறோம்.

நாலாவது லப்டொப்பின் பிழை கேள்வியாகவே வந்திருந்தது: இந்தச் சூழலில் தொகுப்பான் இல்லை, ஜேடிகேக்குப் பதிலாக ஜேஆர்ஈ ஓடுகிறதோ? ஓம், அதேதான். ஜேஆர்ஈ ஜாவா நிரலை ஓட்டமட்டும்தான், எழுதியதைத் தொகுக்க ஜேடிகே வேண்டும். ஜேடிகே அந்த லப்டொப்பில் இருந்தது, எக்ளிப்ஸ்தான் வேறு கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிழைச் செய்தியே பதிலைக் கேள்வியாகக் கேட்டிருந்தது. ஒன்பது நாளாக நாங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பிறகு மின்வெட்டுக்கும் ஒரு வழி செய்துகொண்டோம். கரண்ட் இருக்கும்போது ஒருவர் முழுச் செயற்றிட்டத்தையும் ஒரு தடவை கட்டி முடிப்பார். தேவையான ப்ளகின் எல்லாம் அவருடைய ‘டொட் எம்2’ க்குள் வந்துவிடும். அந்தக் களஞ்சியக் கோப்புறையைப் பென் ட்ரைவில் போட்டு மற்ற மூன்று பேருக்கும் கொடுத்தோம். பிறகு கட்டளையில் சின்னக் கோடும் சின்ன ‘ஓ’வும் சேர்த்தால் மேவன் இணையத்தைத் தேடாது, கையில் இருப்பதை வைத்துக் கட்டும். நாலு பேருடைய டேட்டா ஒருவருடையதாகக் குறைந்தது.

இனி எங்களுடைய பிழை. அன்றைக்கு இரவு குறூப்பில் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்கு அது வராது. “டொக்கியுமென்ட்டை நாலாப் பிரிச்சு எழுதுவம். இரவல் பகுதியின்ர கோடை நீரே எழுதினாத்தான் சரி” என்று ஒருவர் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து “ம்” என்று மட்டும் பதில் வந்தது. இரவல் பகுதியும் தண்டப்பணக் கணக்கும் அவள் எழுதியவை. செயற்றிட்டம் தவணைக்குள் போனது.

இந்தக் கட்டுரையை நாலு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். “சரிவராது” என்று அவள் சொன்ன இடத்தை எழுதும்போது, அதை விட்டுவிடுவோமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள். அதற்கு முதல் தவணையில் ஆய்வுகூடத்தில் அவளுடைய நிரல் ஒரு நாள் ஓடாமல் நின்றதாம். எல்லாருக்கும் முன்னால் ஒருவர் “உங்களுக்கு அடிப்படையே இல்லை” என்று சொன்னாராம். எங்களுக்கு அது இவ்வளவு காலமும் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். “அண்டைக்குப் பதிஞ்சு வைச்சது. பிறகு ஒவ்வொரு தடவையும் அதைப் பாத்துத்தான் ‘ஏலாது’ எண்டு சொன்னனான். எழுதுங்கோ, வேற ஆருக்கும் உதவும்” என்றாள். எங்கள் மூன்று பேரையும் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, திரும்பக் கேட்காமல் கைவிரல் போட்டவர்கள் நாங்கள்தான்.

இப்போது ஜூனியர்கள் எங்களுக்குப் படம் அனுப்புகிறார்கள். அதே கடைசிப் பகுதி, அதே சிவப்பு. முந்தநாளும் ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தா. “அக்கா, ஜாவாவே எனக்கு வேண்டாம் எண்டு இருக்கு” என்று கீழே எழுதியிருந்தா. அவள்தான் பதில் போட்டாள்:

“படம் வேண்டாம் தங்கச்சி. முதல் எரர் வரியில இருந்து கொப்பியில எழுதும். ஒவ்வொரு வரிக்கும் கீழ தமிழில எழுதும். எழுதிப்போட்டுக் கோல் எடும், நான் முழிச்சிருப்பன்.”